ஏசி மதியம் குளிர்வதில்லை. வருஷா வருஷம் "கேஸ் கம்மி" என்கிறார்கள்

வேலூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். சத்துவாச்சாரியில் மேல்மாடி வாடகை வீட்டில் இருக்கிறோம். படுக்கையறை 12-க்கு 13 அடி, மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல், தலைக்கு மேல் நேராக மொட்டை மாடி. 1.5 டன் இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி, ஆர்-32 கேஸ். வாங்கி நான்காவது கோடை.

இரவிலும் காலையிலும் குறையே இல்லை. மதியம் 2 மணி ஆனதும், 24-ல் வைத்தாலும் அறை 30-க்குக் கீழே இறங்குவதில்லை. மாலை 6 வரை இதே நிலை. அப்பாவுக்கு 76 வயது, இதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர். அந்த அறையை விட்டால் மதியம் அவர் படுக்க வேறு இடமில்லை. அதனால்தான் தள்ளிப்போட முடியவில்லை.

ஒவ்வொரு ஏப்ரலிலும் சர்வீஸுக்கு ஆள் வருவார். அவுட்டோரில் மீட்டரை மாட்டிப் பார்ப்பார், "கேஸ் கம்மியா இருக்கு சார்" என்பார், ஏற்றுவார், 2,500 வாங்குவார். கத்திரி தொடங்கியதும் மறுபடி இதே கதை. இந்த வருடம் 3,000 கேட்கிறார். ஏற்றிக்கொள்ளலாமா, வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

அம்பத்தூர் மெக்கானிக்

சார், இப்போதைக்கு ஏத்தாதீங்க.

ஏசியில கேஸ் செலவாகிற பொருள் இல்லை. காப்பர் பைப்புக்குள்ள அடைபட்டு சுத்திச் சுத்தி வருது, அவ்வளவுதான். வீட்டு ஃப்ரிட்ஜுக்கு வருஷா வருஷம் கேஸ் ஏத்துறோமா? பத்து வருஷம் அதே கேஸ்லதானே ஓடுது. ஏசியும் அதே மாதிரிதான். குறைஞ்சிருந்தா எங்கேயோ லீக் இருக்கு. லீக்கைக் கண்டுபிடிச்சு அடைக்காம ஏத்துற கேஸுக்குக் கொடுக்கிற காசு வீண்.

உங்க ஆள் எதை வச்சு கம்மின்னு சொன்னார்னு கேளுங்க. ரொம்ப பேர் பழைய ஆர்-22 மெஷின்ல கை பழகினவங்க. அதுல ஓடும்போது சக்‌ஷன் பிரஷர் 60, 70 பிஎஸ்ஐ இருந்தா சரின்னு ஒரு கணக்கு. ஆர்-32 வேற, அது சாதாரணமா 110-க்கு மேலதான் நிக்கும். அதுலயும் இன்வெர்ட்டர்ல கம்ப்ரஸர் வேகம் ஏற இறங்க பிரஷரும் ஏறி இறங்கும். ஒரு நிமிஷம் மீட்டரை மாட்டிப் பார்த்துட்டு கேஸ் கம்மின்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது. அவுட்டோர் பக்கவாட்டுல ஒட்டியிருக்கிற தகட்டுல எத்தனை கிராம்னு போட்டிருப்பாங்க. சரியான வழி ஒண்ணுதான்: இருக்கிற கேஸை எடுத்து எடை பார்த்து, பம்ப் வச்சு உள்ள இருக்கிற காத்தை உறிஞ்சி எடுத்து (அதுதான் வேக்கம்), தகட்டுல உள்ள எடைக்கு ஏத்தணும்.

இதெல்லாம் பார்த்துச் சொல்லுங்க. இண்டோர் காயில்லயோ பைப்லயோ ஐஸ் பிடிக்குதா? அவுட்டோர்ல பைப்பை மாட்டுற ஃபிளேர் நட் பக்கத்துல எண்ணெய்க் கறை இருக்கா? கேஸ் கசிஞ்சா கூடவே கம்ப்ரஸர் ஆயிலும் வரும், அதுல தூசு ஒட்டிக் கருப்பா தெரியும். முக்கியமா, அவுட்டோர் எங்க இருக்கு?

காட்பாடி குமரன்

நானும் உங்கள் ஊர்ப் பக்கம்தான். மே மாதத்தில் இங்கே எல்லா ஏசியும் அப்படித்தான். பேசாமல் 2 டன் வாங்கிப் போடுங்கள், தீர்ந்தது.

வேலூர்வாசி

மெக்கானிக் அண்ணா, நன்றி. ஐஸ் பிடிக்கவில்லை. நட்டுகளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், எண்ணெய்க் கறை இல்லை. அவுட்டோர் பின்பக்கப் பால்கனியில் இருக்கிறது. சிறிய பால்கனி, 7 அடிக்கு 4 அடி. புறாத் தொல்லை என்று வீட்டு உரிமையாளர் இரண்டு வருடம் முன்பு மேலே ஷீட் போட்டு, பக்கவாட்டில் அலுமினிய ஸ்லைடிங் கதவு வைத்து மூடினார். மதியம் ஒரு கதவைத் திறந்துதான் வைக்கிறோம்.

குவைத் தமிழன்

அண்ணே, கதை அங்கதான் இருக்கு.

நான் குவைத்துல பதினைஞ்சு வருஷத்துக்கு மேல ஏசி மெயின்டனன்ஸ்ல இருக்கேன். இங்க மித்ரிபாங்கிற இடத்துல 2016 ஜூலை 21 அன்னைக்கு 53.9 டிகிரி பதிவாச்சு, உலக வானிலை அமைப்பே உறுதிப்படுத்தினது. அப்படிப்பட்ட ஊர்லயும் ஏசி ஓடுது, வீடு குளிருது. அதனால "வேலூர் வெயில்ல எல்லா ஏசியும் அப்படித்தான்"னு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன்.

ஏசி குளிரை உண்டாக்குறதில்லை. அறைக்குள்ள இருக்கிற சூட்டை அள்ளி வெளியில கொட்டுது. கொட்டுற இடம் எவ்வளவு சூடா இருக்கோ, வேலை அவ்வளவு கஷ்டம். பெட்டியில 1.5 டன்னு போட்டிருக்கிறது வெளியில 35 டிகிரி, உள்ள 27 டிகிரி இருக்கும்போது சோதிச்ச கணக்கு. வளைகுடாவுக்கு வர்ற மெஷினை 46 டிகிரியில சோதிச்சுத்தான் அனுப்புவாங்க. உங்க மெஷினுக்கு வெளியில 42 இருந்தாலே திறன் குறையும். அதுலயும் மூடின பால்கனிக்குள்ள அவுட்டோர் தான் ஊதின சூட்டுக் காத்தையே திரும்பப் பின்பக்கமா இழுக்கும். இழுத்ததை இன்னும் சூடாக்கி ஊதும், அதை மறுபடி இழுக்கும். ஒரு கதவைத் திறந்து வச்சா போதாது.

ஒரு தெர்மாமீட்டரை அவுட்டோர் பின்பக்கம், காத்து உள்ள போற இடத்துல, வெயில் படாம 3 மணிக்கு வைங்க. இன்னொண்ணு தெருப்பக்கம் நிழல்ல. ரெண்டையும் எழுதுங்க. கூடவே இண்டோர்ல மேல இழுக்கிற காத்து எவ்வளவு, கீழ வர்ற காத்து எவ்வளவுன்னும் பாருங்க. நல்லா ஓடுற மெஷின்ல ரெண்டுக்கும் 10, 12 டிகிரியாவது வித்தியாசம் இருக்கணும்.

வேலூர்வாசி

இன்று பார்த்து எழுதிவைத்தேன். பள்ளி ஆய்வகத்திலிருந்து இரண்டு தெர்மாமீட்டர் கொண்டுவந்தேன்.

காலை 8 மணி: இண்டோர் இழுப்பது 28, வெளியே விடுவது 14. வித்தியாசம் 14.

மதியம் 3 மணி: தெருப்பக்க நிழலில் 41. அவுட்டோர் பின்னால் 52. இண்டோர் இழுப்பது 31, விடுவது 23. வித்தியாசம் 8-தான்.

52 என்று பார்த்ததும் நம்ப முடியாமல் தெர்மாமீட்டரை மாற்றிவைத்தும் பார்த்தேன். அதேதான்.

அம்பத்தூர் மெக்கானிக்

குவைத் தம்பி சொன்னது சரி. 52 டிகிரிக் காத்தை இழுத்து எந்த மெஷினும் ஒழுங்கா ஓடாது. இன்வெர்ட்டர்ல உள்ள எலக்ட்ரானிக் போர்டு கம்ப்ரஸரைக் காப்பாத்துறதுக்காக வேகத்தைத் தானா குறைச்சிரும். எரர் கோடு எதுவும் காட்டாது, சத்தமில்லாம பாதி வேலைதான் செய்யும். ராத்திரி வெளியில 30-க்கு வந்ததும் நல்லா குளிரும். நீங்க சொன்ன அடையாளம் அத்தனையும் பொருந்துது.

ஒரு விஷயம் மட்டும் சேர்த்துக்கிறேன். "காலையில நல்லா குளிருது, அதனால கேஸ் சரியா இருக்கு"ன்னு முடிவு கட்டிராதீங்க. கேஸ் லேசா குறைஞ்சிருந்தாலும் அது முதல்ல மதிய வெயில்லதான் தெரியும். ஆனா உங்க விஷயத்துல எனக்கு அதைவிடப் பெரிய சந்தேகம், கேஸ் கூடியிருக்கும்னு. மூணு வருஷம் லீக் இல்லாத மெஷின்ல ஒவ்வொரு ஏப்ரலும் ஏத்தியிருக்காங்க. கேஸ் அதிகமானா கண்டென்ஸர்ல, அதாவது அவுட்டோர் காயில்ல, திரவம் தேங்கி, சூட்டை வெளிய விடுற இடம் சுருங்கிரும். பிரஷர் ஏறும், கரண்ட் ஏறும், மதியம் போர்டு இன்னும் சீக்கிரமா வேகத்தைக் குறைக்கும். எடை பார்க்காம நம்பாதீங்க. எடைத் தராசும், கேஸை எடுத்து வைக்கிற ரெக்கவரி சிலிண்டரும் இருக்கிற ஆளாப் பார்த்துக் கூப்பிடுங்க. போன்லயே கேளுங்க, "வேக்கம் பம்ப் இருக்கா, தராசு இருக்கா"ன்னு. தயங்கினா வேற ஆள்.

காட்பாடி குமரனுக்கு: 2 டன் போட்டாலும் அதே பால்கனியில வச்சா இன்னும் பெரிய சூடு அதே பொந்துக்குள்ள கொட்டும். அந்த அறை 156 சதுர அடி, 1.5 டன் தாராளம்.

திருவான்மியூர் மீனா

எடை பற்றிச் சொன்னதை எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு "லீக் இல்லை" என்று எளிதில் சொல்ல முடியாது. எங்கள் வீடு கடற்கரையிலிருந்து நடக்கும் தூரம். அவுட்டோரில் ஃபின்ஸ் (பைப்பைச் சுற்றியுள்ள மெல்லிய அலுமினியத் தகடுகள்) விரலால் தொட்டாலே வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. உப்புக் காற்று அலுமினியத்தை அப்படித்தான் தின்கிறது. ஃபின்ஸ் போனபின் பைப்பில் பூச்சி அரித்ததுபோல் கண்ணுக்குத் தெரியாத துளைகள்.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அவுட்டோரின் உப்பைக் கழுவிவிடுகிறேன், மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு. பிரஷர் பம்பை நேராகப் பிடித்தால் ஃபின்ஸ் மடங்கிவிடும், அதனால் வாளியும் குவளையும்தான். புதிதாக வாங்குபவர்கள் கடலோரத்தில் காப்பர் காயில், பூச்சு போட்ட ஃபின்ஸ் இரண்டும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

வேலூர் அண்ணா, உங்கள் தண்ணீர் போர் தண்ணீர் என்றால் அவுட்டோரில் தெளிக்க வேண்டாம். வெயிலில் காய்ந்ததும் உப்பு படிந்து ஃபின்ஸ் இடுக்கை அடைத்துவிடும்.

கரூர் செல்வி

குறுக்கே வருகிறேனுங்க, ஆனா மேல்மாடிங்கிறதால சொல்லியே ஆகணும். அவுட்டோரைச் சரி பண்ணினாலும் தலைக்கு மேல இருக்கிற கான்கிரீட்டை என்ன செய்வீங்க? பகல் பூரா வெயிலைக் குடிச்சுட்டு ராத்திரி பத்து மணி வரைக்கும் அறைக்குள்ள கக்கிட்டே இருக்கும். எங்க வீட்டுல ஸ்டூல் போட்டு ஏறி கூரைய உள்ளங்கையால தொட்டா, ராத்திரி ஒன்பது மணிக்கும் கை வைக்க முடியாத சூடு. ஏசி அறையோட சண்டை போடலைங்க, கூரையோட சண்டை போடுது.

மாடித் தரைய நல்லா கழுவிக் காயவிட்டு, சுண்ணாம்பைக் கரைச்சு, ஒட்டுறதுக்குப் பசை கலந்து, ரெண்டு கோட்டு அடிச்சோம். ஆள் கூலி, பொருள் எல்லாம் சேர்த்து ஒரு கேஸ் ஏத்துற காசுகூட ஆகலை. பெயிண்ட் கடையில கூல் ரூஃப் பெயிண்டுன்னு தனியா விக்கிறாங்க, விலை கூட, ஆனா மழைக்கு நிக்கும். சுண்ணாம்பு ஒவ்வொரு வருஷமும் பங்குனிக்குள்ள மறுபடி அடிக்கணும். எங்க வீட்டுல இப்ப ராத்திரி கூரையைத் தொட்டா கை சுடறதில்லைங்க.

மேற்கு ஜன்னலுக்கு உள்பக்கம் திரை போட்டு பெரிய பிரயோஜனம் இல்லை. கண்ணாடி தாண்டி உள்ள வந்த வெயில் பெரும்பாலும் உள்ளயேதான் நிக்கும். வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ பச்சை வலையோ கட்டுங்க. வெட்டிவேர் தட்டிய நனைச்சுத் தொங்கவிடற பழக்கம் இருந்தா ஏசி ஓடும்போது வேண்டாம். ஈரத்தை எடுக்கவே ஏசிக்குப் பாதி நேரம் போயிரும்.

வேலூர்வாசி

செல்வி அக்கா, சுண்ணாம்பு யோசனைக்கு நன்றி. உரிமையாளரிடம் பேசுகிறேன்.

இன்னொரு கேள்வி. இரவு 9 மணிக்கு மேல் தெருவில் எல்லோரும் ஏசி போட்டதும் டியூப்லைட் மங்குகிறது. அப்போது ஏசி ஓரிரு முறை நின்று நின்று ஓடியது. கடையில் "இன்வெர்ட்டர் ஏசிக்கு ஸ்டெபிலைசர் வேண்டாம்" என்றார்கள். வாங்க வேண்டுமா?

மின்வாரியம் ஓய்வு

தம்பி, ஸ்டெபிலைசர் வாங்குவதற்கு முன் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து, இரவு 9 மணிக்கு ஏசி முழு வேகத்தில் ஓடும்போது இரண்டு இடத்தில் பாருங்கள்: மீட்டருக்கு வெளியே வரும் இடத்தில் ஒன்று, ஏசி சாக்கெட்டில் ஒன்று. கூடவே கிளாம்ப் மீட்டரில் ஏசி இழுக்கும் ஆம்பியரையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்களே திறந்து அளக்க வேண்டாம்.

மீட்டரிலேயே குறைவாக இருந்தால் அது வாரியத்தின் வேலை. வீட்டு இணைப்பில் மின்னழுத்தம் 6 சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் பதிந்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தெருவில் நான்கு பேர் சேர்ந்து பதிந்தால் டிரான்ஸ்ஃபார்மர் சுமையை அளக்க ஆள் வருவார்கள். மீட்டரில் சரியாக இருந்து சாக்கெட்டில் குறைந்தால் கோளாறு உங்கள் வீட்டு வயரிங்கில்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏசி வாங்கிய பிறகு அனுமதிக்கப்பட்ட மின்பளுவை உயர்த்திக் கேட்டு எழுதிக்கொடுப்பவர்கள் மிகக் குறைவு. வாரியத்தின் ஏட்டில் அந்தத் தெருவுக்கு மின்விசிறியும் விளக்கும்தான் இருக்கும். உண்மையில் வீட்டுக்கு வீடு ஏசி. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்தச் சுமையின் கடைசிக் கண்ணி உங்கள் தெரு முனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர்தான். கணக்கில் இல்லாத சுமைக்கு யாரும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைக்க மாட்டார்கள். தயவுசெய்து பளுவைப் பதிவு செய்யுங்கள்.

வேலூர்வாசி

ஐயா, எலக்ட்ரீஷியன் வந்து அளந்தார். மீட்டரில் 209 வோல்ட். ஏசி சாக்கெட்டில் 188. ஆம்பியர் 8.

மின்வாரியம் ஓய்வு

உடனே ஏசியை நிறுத்துங்கள். வயரிங்கைப் பார்க்காமல் மறுபடி போட வேண்டாம்.

மீட்டருக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் 21 வோல்ட் காணாமல் போகிறது. 21-ஐ 8-ஆல் பெருக்கினால் 168 வாட். அவ்வளவு வெப்பம் உங்கள் சுவருக்குள் எங்கோ வெளிப்பட்டுக்கொண்டிருக்கிறது. வீட்டுக்குள் ஓடும் சில மீட்டர் காப்பர் வயர் மெல்லியதாகவே இருந்தாலும் இவ்வளவு இழப்பு வராது. எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது அல்லது கருகியிருக்கிறது. பெரும்பாலும் சாக்கெட், பிளக், அல்லது வழியில் உள்ள ஜங்ஷன் பெட்டி. மீட்டரின் 209-ஐப் பிறகு பேசலாம். இது தீப்பிடிக்கும் விஷயம், அப்பா படுத்திருக்கும் அறை.

வேலூர்வாசி

ஐயா, நீங்கள் சொன்னது அப்படியே. பிளக்கை உருவியதும் கருகிய வாசனை. லைன் பக்கப் பின் செம்பழுப்பாக நிறம் மாறி, பிளக்கின் பிளாஸ்டிக் அதைச் சுற்றி இளகி வளைந்திருந்தது. சாக்கெட்டைக் கழற்றினால், உள்ளே திருகுக்கு அடியில் இருந்த வயரின் உறை இரண்டு அங்குலத்துக்குக் கருகிப் போயிருந்தது. கைக்குத் திருகு ஆடியது. சாதாரண 16 ஆம்பியர் சாக்கெட்தான் போட்டிருந்தார்கள்.

மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் இழுத்து, 20 ஆம்பியர் எம்சிபி வைத்த ஏசி பாக்ஸ் போட்டாயிற்று. இப்போது மீட்டரில் 209, பாக்ஸில் 206. வாசலில் எர்த் குழி வறண்டு கிடந்தது, அதில் தண்ணீர் ஊற்றச் சொன்னார் எலக்ட்ரீஷியன்.

மின்வாரியம் ஓய்வு

நல்லது. கோடையில் மண் காய்ந்தால் எர்த் எதிர்ப்பு ஏறிவிடும். வாரம் ஒருமுறை ஊற்றுங்கள். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லையென்றால் 30 மில்லியாம்பியர் ஒன்று மெயினில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டெபிலைசர்: உங்கள் ஏசி கையேட்டில் அது எந்த வோல்ட் முதல் எந்த வோல்ட் வரை ஓடும் என்று போட்டிருக்கும். 206 அதற்குள் வரும் என்றால் இப்போது அவசரமில்லை. கிராமப்புற ஃபீடர்களில் 160-க்கும் இறங்கும் இடங்களில் கட்டாயம் வேண்டும். பழைய நான்-இன்வெர்ட்டர் மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் நான் வேண்டும் என்றே சொல்வேன். கரண்ட் போய் உடனே வந்தால், உள்ளே பிரஷர் சமமாகும் முன் கம்ப்ரஸர் கிளம்ப முயன்று திணறும். ஸ்டெபிலைசர் இரண்டு மூன்று நிமிடம் தாமதித்துக் கொடுக்கும்.

பல்லடம் பாலு

இன்வெர்ட்டர் ஏசிக்கு வோல்டேஜைவிடப் பெரிய எதிரி பல்லி. எங்க அவுட்டோர் போர்டு மேல பல்லி ஒண்ணு ரெண்டு முனைய ஒண்ணா மிதிச்சு, போர்டே கருகிப் போச்சு. வாரண்டியில கேட்டா பூச்சி, பல்லியால வந்த சேதம் சேராதுன்னுட்டாங்க. பன்னெண்டாயிரத்துக்கு மேல செலவு. மழை வரும்போது எறும்பும் முட்டையைத் தூக்கிட்டு உள்ள போகும்.

மெக்கானிக் வரும்போது வயர் உள்ள போற ஓட்டைய சிலிகான்ல அடைச்சு, மூடி இடுக்குக்கு மெல்லிய ஸ்டீல் வலை வைக்கச் சொல்லுங்க. ஹீட் சிங்க் பக்கம் காத்து போற வழிய மட்டும் அடைக்கக் கூடாது. மருந்து அடிக்கிறேன்னு போர்டு மேல ஸ்ப்ரே அடிச்சிராதீங்க.

கரூர் செல்வி

கரண்ட் பில்லைப் பத்தி யாரும் பேசலையேங்க. நடுத்தரக் குடும்பத்துக்கு அதுதானே பயம். 1.5 டன் இன்வெர்ட்டர், அறை குளிர்ந்ததுக்கு அப்புறம் சராசரி மணிக்கு 0.8 யூனிட்னு வைங்க. ஒரு நாளைக்கு 8 மணி நேரம்னா 6.4. ரெண்டு மாசத்துக்கு 384 யூனிட். வீட்டோட மத்த செலவு 200 இருந்தா 584. ரெண்டு மாசக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினதும் கீழ்ப்படிச் சலுகையும் போயிரும், மேல உள்ள ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல. அதனால 500-க்குப் பக்கத்துல இருக்கிறவங்க மீட்டரை வாரம் ஒருக்கா எழுதி வச்சுக்கணும்.

2020 ஜனவரியிலிருந்து புது ஏசி எல்லாம் 24 டிகிரியிலதான் ஆன் ஆகணும்னு மத்திய அரசு உத்தரவு. எரிசக்தித் திறன் அமைப்புக் கணக்குப்படி ஒரு டிகிரி கூட்டி வச்சா சுமார் 6 சதவீதம் மிச்சம். நாங்க 26, 27-ல வச்சு சீலிங் ஃபேனை ரெண்டுல ஓட விடறோம். 18-ல வச்சா சீக்கிரம் குளிரும்னு நினைக்கிறாங்க. அறை சூடா இருக்கும்போது மெஷின் எப்படியும் முழு வேகத்துலதான் ஓடும். 18 வச்சா நிக்காம ஓடும், அவ்வளவுதான். ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா குழாயடியில கழுவி நிழல்ல காய வைங்க, அதுக்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

வேலூர் தம்பி, பெரியவரை 22-ல எல்லாம் வைக்காதீங்க. மதியம் வெளியில இருந்து உள்ள போனதும் நடுங்கக் கூடாது.

குவைத் தமிழன்

அவுட்டோரை எங்க மாத்தப் போறீங்க அண்ணே? மொட்டை மாடின்னா ரெண்டு விஷயம். தரையோட ஒட்டி வைக்காதீங்க, ஒரு அடியாவது உயரமா இரும்பு ஸ்டாண்ட் போடுங்க. தரைச் சூடு அப்படியே அடியில ஏறும். மேல நிழல் வேணும், ஆனா மூணு நாலு அடி தள்ளி. ஃபேன் ஊதுற திசையில சுவர் இருக்கக் கூடாது, பின்பக்கம் சுவருக்கும் மெஷினுக்கும் ஒரு அடி விடுங்க. நான் பார்த்த வரைக்கும் ஊர்ல அழகுக்காக அவுட்டோருக்குக் கூண்டு அடிச்சு, சன்ஷேடுக்குள்ள சொருகி வைக்கிறாங்க. அந்த மெஷினெல்லாம் சீக்கிரம் செத்துப்போகும்.

வேலூர்வாசி

வேலை முடிந்தது, அதனால் விரிவாக எழுதுகிறேன்.

தராசும் ரெக்கவரி சிலிண்டரும் இருக்கிறதா என்று போனில் கேட்டுத்தான் ஒருவரைப் பிடித்தேன். மூன்றாவதாகக் கேட்டவர் "இருக்கு, நீங்களே நின்னு பாருங்க" என்றார். அவுட்டோர் தகட்டில் 850 கிராம். உள்ளிருந்து எடுத்தது 1 கிலோ 90 கிராம். என் கண் முன்னால் தராசில் பார்த்தேன். மெக்கானிக் அண்ணா சந்தேகப்பட்டது சரி. மூன்று கோடையாகப் பணம் கொடுத்து கேஸைக் கூட்டியிருக்கிறோம்.

உரிமையாளர் நல்லவர். தெர்மாமீட்டர் படத்தைக் காட்டியதும் மாடியில் வைக்க ஒப்புக்கொண்டார். ஸ்டாண்ட் போட்டு, மேலே நான்கு அடி உயரத்தில் பச்சை வலை கட்டியிருக்கிறோம். பைப் நீளம் 7 மீட்டர் ஆகிவிட்டது. கையேட்டில் 5 மீட்டருக்கு மேல் மீட்டருக்கு 20 கிராம் சேர்க்கச் சொல்லியிருக்கிறது, ஆக 890 கிராம். புது பைப்பில் நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை வைத்துப் பார்த்து, அரை மணி நேரம் வேக்கம் போட்ட பிறகுதான் கேஸ் விட்டார்.

நேற்று மதியம் 3 மணி: நிழலில் 41. அவுட்டோர் பின்னால் 43. இண்டோர் இழுப்பது 27, விடுவது 14. அறை 26-க்கு வந்து நின்றது. அப்பா போர்வை கேட்டார்.

சுண்ணாம்பு அடிக்க இந்த ஞாயிறு ஆள் வருகிறார்கள். மின்பளு உயர்த்த விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். 209 வோல்ட்டுக்கு மின்னகத்தில் பதிந்திருக்கிறோம், தெருவில் ஐந்து வீடு சேர்ந்து.

திருவான்மியூர் மீனா

மிக மகிழ்ச்சி. மொத்தச் செலவு எவ்வளவு ஆனது? என் தம்பி திருவண்ணாமலையில் இதே நிலையில் இருக்கிறான்.

வேலூர்வாசி

ஏசியை இடம் மாற்றி, புது பைப், கேஸ், ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 9,200. வயரிங் தனியாக 3,400. மூன்று வருடம் கேஸுக்குக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் பெரிதில்லை. உங்கள் தம்பியிடம் முதலில் பிளக்கை உருவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அம்பத்தூர் மெக்கானிக்

நல்லா வேலை பார்த்திருக்கார் அந்த ஆள், நைட்ரஜன்ல டெஸ்ட் பண்ணதுக்கே பாராட்டணும். சில இடத்துல சிலிண்டர் இல்லைன்னு ஆக்சிஜன் விட்டுப் பார்க்கிறாங்க. உள்ள இருக்கிற ஆயிலோட ஆக்சிஜன் சேர்ந்தா கம்ப்ரஸர் வெடிக்கும், அதுல உயிர் போயிருக்கு. யார் வீட்டுல ஆக்சிஜன் சிலிண்டரோட வந்து நின்னாலும் வெளியே அனுப்பிருங்க. ஆர்-32 லேசா தீப்பிடிக்கிற கேஸும்கூட. வெல்டிங் வைக்கிறப்ப கேஸை முழுசா எடுத்தாகணும், ஜன்னல் திறந்திருக்கணும்.

சார், இன்னும் ரெண்டே வேலை பாக்கி. ஒரு மாசம் ஓடினதும் ஃபிளேர் நட் நாலையும் சோப்பு நுரை வச்சுப் பாருங்க, புது ஜாயின்ட்டு லேசா தளர வாய்ப்பு உண்டு. அப்புறம் ஒரு ஸ்டிக்கர்ல தேதி, "ஆர்-32, 890 கிராம், பைப் 7 மீட்டர்"னு எழுதி அவுட்டோர் தகட்டுக்குப் பக்கத்துல ஒட்டிருங்க. அடுத்த ஏப்ரல்ல யார் வந்து கம்மின்னு சொன்னாலும், முதல்ல தராசை எடுத்து வைக்கச் சொல்லுங்க.